பெயர் ஒருத்திக்கு, முகம் இன்னொருத்திக்கு

அத்தியாயம் 14

கார்டை வெளியில் எடுக்கத் தேவையில்லை என்று மனோரஞ்சிதம் சொல்லியிருந்தாள். கைப்பையோடு சேர்த்து, கதவருகே சுவரில் இருக்கும் கறுப்புப் பெட்டிக்குக் கிட்டக் கொண்டுபோனாற் போதும். கீக் என்று ஒரு சத்தம் வரும். சின்னதாய் ஒரு பச்சை வெளிச்சம். பிறகு கதவைத் தள்ளலாம்.

“அது முகத்தைப் பாக்காது, மலர். கார்டை மட்டுந்தான் பாக்கும்.”

அந்தச் சொல்லை நம்பித்தான் ஜெயமலர் செவ்வாய்க்கிழமை காலை, மருந்துக் குளிசைகளைப் பெட்டியில் அடைக்கும் தொழிற்சாலையின் பக்கவாசலில் நின்றாள். முன்னால் போன பெண்கள் இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து, தோளில் தொங்கிய பையால் சுவரைத் தொட்டுவிட்டு, பேச்சை நிறுத்தாமலே உள்ளே போனார்கள். சுவருக்கும் அவர்களுக்கும் நெடுநாள் பழக்கம் போலிருந்தது. ஜெயமலர் மட்டும் பையை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தாள். கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டுவதுபோல.

கீக்.

கதவின் பூட்டு விட்டது. தன்னுடைய பெயருக்கு ஐந்து வருடங்களாகத் திறந்துகொண்டிருக்கும் இடம் இது என்று நினைத்துக்கொண்டு, அவள் முதல் தடவையாக உள்ளே நுழைந்தாள்.

இந்தக் குடும்பத்தோடு ஆரம்பத்திலிருந்து கூட வருகிறவர்களுக்கு அந்த ஏற்பாடு நினைவிருக்கும். மட்டக்களப்பிலிருந்து மனோரஞ்சிதம் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்கு வேலைசெய்ய அனுமதி இல்லை. கணவனின் தங்கை ஜெயமலருக்கு அனுமதி இருந்தது. ஆனால் கையில் பால்குடிக் குழந்தையும் இருந்தது. வழி கண்டவன் இரத்தினவேல். தங்கையின் பெயரில் மனைவி வேலைக்குப் போகட்டும் என்றான். பேர்தானே, குடுத்தாத் தேய்ஞ்சா போகும் என்று அன்றைக்கு அவன் சிரித்தது ஜெயமலருக்கு இன்னும் ஞாபகம்.

பிறகு மனோரஞ்சிதத்துக்கும் அனுமதி வந்தது. அதற்குள் அங்கே அவள் எல்லோருக்கும் ‘ஜெயா’ ஆகியிருந்தாள். சொந்தப் பெயரில் போய் நின்றால் புதிய ஆள் என்று அடியிலிருந்து தொடங்கவேண்டும். அதனால் பெயர் திரும்பி வரவில்லை. ஜெயமலரும் கேட்கவில்லை. குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும், லொறி ஓட்டும் கணவன் வாரக்கணக்கில் அமெரிக்கப் பக்கம் போய்விடும் நாட்களிலும், பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது சிலவேளை அவளுக்கு ஒன்று தோன்றும்: என் பெயர் வேலையில் இருக்கிறது, நான் வீட்டில் இருக்கிறேன்.

இந்தக் கோடையில்தான் கார்ட் வந்தது. முன்பு மட்டையைக் கடிகாரத்தில் செருகி அடிப்பார்கள். இப்போது அந்த ஒரு வெள்ளைக் கார்ட்தான் வரவைப் பதிகிறது, கதவைத் திறக்கிறது, கன்ரீனில் தேநீருக்கும் அதைத்தான் காட்டவேண்டும், சம்பளத்தில் கழித்துக்கொள்வார்கள். அதன் ஒரு பக்கத்தில் மனோரஞ்சிதத்தின் படம். கீழே ஜெயமலரின் பெயர்.

இரண்டு பேரையும் ஒரே அட்டையில் ஒட்டிவிட்டார்கள் என்று வீட்டில் அப்போது சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு போன வாரத்தோடு நின்றது. மனோரஞ்சிதத்தின் நிரந்தர வதிவிட நேர்முகத்துக்கு நாள் குறித்து வந்தது. அதே செவ்வாய்க்கிழமைதான் தொழிற்சாலையில் ‘லீட் ஹாண்ட்’ வேலைக்கான பயிற்சியும் தொடங்குகிறது. ஒரு வரிசைப் பெண்களுக்குப் பொறுப்பாய் நிற்கும் வேலை அது. மனோரஞ்சிதம் இரண்டு வருடமாய்க் காத்திருந்தது. பயிற்சிக்கு வராதவர்களின் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அதனால் ஜெயமலர் போவது என்று முடிவாயிற்று. பயிற்சி கொடுப்பவர் வேறு கிளையிலிருந்து வருகிறவர்; ஜெயாவை முன்பின் கண்டதில்லை. உள்ளே போனால் தலைக்கு வலை, வாய்க்கு மறைப்பு, நீலக் கோட். கண் மட்டும் வெளியே தெரியும். வெள்ளையளுக்கு எங்கட கண் எல்லாம் ஒரு கண்தான் என்றான் இரத்தினவேல்.

ஒரேயொரு நிபந்தனை. கன்ரீன் பக்கம் போகக்கூடாது. அங்கே எல்லோரும் முகத்தோடு இருப்பார்கள்.

*

குடிவரவு அலுவலகத்தில் ஒரு பெண் கதவைத் திறந்து பெயரொன்றைக் கூப்பிட்டாள். ஒருவரும் எழும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். நீளமான பெயர், வெள்ளைக்கார வாயில் நாலு துண்டாய் உடைந்து வந்தது.

இரத்தினவேல் மனைவியின் முழங்கையைத் தட்டினான். “இஞ்சரும், உம்மைத்தான்.”

மனோரஞ்சிதம் திடுக்கிட்டு எழும்பினாள். வெட்கமாயிருந்தது. வீட்டில் அவள் மச்சாள், அல்லது ‘இஞ்சரும்’, அல்லது மாமி. வெளியில் ஜெயா. மனோரஞ்சிதம் என்று அவளை யாராவது கூப்பிட்டு எவ்வளவு காலம்? அம்மாவோடு தொலைபேசியில் பேசும்போதுகூட மகள் என்றுதான் வரும். தன் பெயரை ஒரு அந்நியப் பெண் ஒரு மட்டையைப் பார்த்துச் சொல்ல, யாரோ தொலைந்துபோனவளைத் தேடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு தானும் சுற்றிப் பார்த்திருக்கிறாள்.

அதிகாரி நடுத்தர வயதுப் பெண். சாந்தமான முகம். பிறப்புப் பத்திரம் ஏன் இல்லை என்று கேட்டார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பக்கத்தில் இருந்தார். வீடு எரிந்த வருடத்தையும் அதற்குப் பிறகு சித்தப்பா எழுதிக்கொடுத்த சத்தியக் கடதாசியையும் மனோரஞ்சிதம் சொன்னாள். அவர் அதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னார். ஓரிடத்தில் அவர் பிழையாகச் சொன்னார். அவள் சித்தப்பாவைத் தகப்பன் ஆக்கிவிட்டார். அவளுக்கு அது விளங்கியது. திருத்த வாய் வந்தது. அடக்கிக்கொண்டாள்.

ஏனென்றால் மனோரஞ்சிதத்துக்கு ஆங்கிலம் தெரியாது. மனோரஞ்சிதம் வீட்டில் இருக்கிறவள். அப்படித்தான் விண்ணப்பத்தில் இருக்கிறது. ஆங்கிலம் தெரிந்தவள் ஜெயா. இயந்திரம் நின்றால் திருத்துகிறவரைக் கூப்பிட்டு, எங்கே பிடிக்கிறது என்று சொல்லி, அவரைச் சிரிக்கவும் வைத்து அனுப்புகிறவள் ஜெயா.

அதிகாரி மொழிபெயர்ப்பாளரின் பக்கம் திரும்பி, இவ்வளவு வருடம் இங்கே இருந்தும் இவருக்கு ஒரு சொல்கூட வரவில்லையா, பாவம், நாள் முழுதும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறாரா என்று கேட்டார். கேலியாய் அல்ல, இரக்கமாய்த்தான் கேட்டார். அது மனோரஞ்சிதத்துக்கு உடனே விளங்கிவிட்டது. ஆனால் மொழிபெயர்ப்பு வரும்வரை முகத்தை ஒன்றும் தெரியாததுபோல வைத்திருக்கவேண்டியிருந்தது. வெட்கப்படுவதற்குக்கூட அவள் இன்னொருவரின் வாயைப் பார்த்துக் காத்திருந்தாள்.

பிறகு அதிகாரி கையெழுத்து வைத்தார். முத்திரை குத்தினார். கடதாசியைத் திருப்பி அவள் முன்னால் வைத்தார். படத்தில் அவள் முகம். பக்கத்தில் அவள் பெயர். இரண்டும் ஒன்றாய் ஒரே கடதாசியில் இருப்பதை அவள் இந்த நாட்டில் முதல் தடவையாகப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் இரத்தினவேல் அவள் கையைப் பிடித்தான். பொது இடத்தில் அவன் அப்படிச் செய்கிறவனில்லை. சப்வே ரயிலில் ஏறும்வரை விடவில்லை. அவளோ, பயிற்சி எந்த மட்டில் நிற்கும், மலர் கேள்விகளுக்குச் சரியாய்ப் பதில் சொல்லியிருப்பாளா என்று யோசித்துக்கொண்டு வந்தாள்.

*

இடைவேளை மணி அடித்தபோது ஜெயமலர் சொன்னபடி உடுப்பு மாற்றும் அறையில் போய் உட்கார்ந்தாள். மற்றப் பெண்கள் தலைவலையைக் கழற்றி வீசிவிட்டுக் கன்ரீனுக்குப் போனார்கள். அறை வெறுமையானது. தூரத்திலிருந்து கோப்பி மணம் வந்தது.

காலையில் எல்லாம் நன்றாகவே நடந்தது. படம் போட்டுக் காட்டினார்கள். வரிசையில் நிற்கச் சொன்னார்கள். எந்தப் பெட்டியில் குளிசை குறைகிறது என்று அவள் கண் தானாகவே கண்டது. இது என்னால் முடியும் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்புத்தான் அவளை எழுப்பியிருக்கவேண்டும்.

பசி இல்லை. தாகமும் இல்லை. ஐந்து வருடம் இந்த இடம் தன் பெயரைத் தின்று குடித்திருக்கிறது. தன் பெயரில் தான் ஒரு மிடறு குடித்துப் பார்த்தால் என்ன என்று இருந்தது.

கன்ரீனுக்குள் போய், கடதாசிக் கோப்பையில் தேநீர் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். முறை வந்ததும் பையைக் கறுப்புப் பெட்டிக்குக் கிட்டப் பிடித்தாள்.

கீக். அதே சத்தம். ஆனால் காசாளர் மேசையில் ஒரு சின்னத் திரையும் இருந்தது. அது அந்தப் பெண்ணின் பக்கம் பார்த்திருந்தது. இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை, நெஞ்சில் கிறிஸ்ரினா என்ற பெயர். அவள் திரையைப் பார்த்தாள். ஜெயமலரைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். விரல் ஒரு பொத்தானை அமத்தியது.

இந்தத் தடவை வந்த சத்தம் வேறு. தாழ்ந்து, நீண்டு ஒலித்தது.

“கார்டை ஒருக்கா எடுங்கோ” என்றாள் கிறிஸ்ரினா, தமிழில்.

வெள்ளைக் கண்களைப் பற்றி மட்டுந்தான் வீட்டில் யோசித்திருந்தார்கள். தமிழ்க் கண் ஒன்று அங்கே இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

“இது ஆரின்ர கார்ட்?”

“என்ர.”

“உங்கட பேர்?”

“ஜெயமலர்.”

பள்ளிக்கூடத்தில், கலியாணப் பதிவில், பிள்ளை பெற்ற ஆசுப்பத்திரியில் என்று எத்தனையோ இடங்களில் சொன்ன பெயர். அது ஒருநாளும் இப்படிப் பொய்போலக் கேட்டதில்லை. தன் காதே தன்னை நம்பவில்லை.

கிறிஸ்ரினா திரையை அவள் பக்கம் திருப்பினாள். அங்கே மச்சாள் இருந்தாள். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு.

“இவதான் ஜெயாக்கா. ஒவ்வொரு நாளும் என்னட்டத்தான் ரீ எடுக்கிறவ. அவவின்ர கார்ட் உங்களிட்ட எப்பிடி வந்தது?”

பின்னால் நின்றவர்கள் அடுத்த வரிசைக்கு மாறினார்கள். ஜெயமலர் பையைத் துழாவித் தன் ஹெல்த் கார்டை எடுத்து மேசையில் வைத்தாள். அதில் அவளுடைய பெயர், அவளுடைய முகம். கிறிஸ்ரினா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கனநேரம் பார்த்தாள்.

“அப்ப ஜெயாக்கா?”

“என்ர மச்சாள். இண்டைக்கு அவவுக்கு இமிகிரேசன்.”

அதற்கு மேல் அந்தப் பெண் ஒன்றும் கேட்கவில்லை. ஹெல்த் கார்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு, மெல்லச் சொன்னாள்.

“என்ர மாமாவும் ரெண்டு வருசம் வேற ஒராளின்ர பேரிலதான் பேக்கரியில பாண் சுட்டவர். பழகிப்போய், வீட்டில சொந்தப் பேரைக் கூப்பிட்டாத் திரும்பமாட்டார். மாமி நுள்ளித்தான் திருப்புவா.”

ஜெயமலருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் மூச்சு வந்தது.

“நான் முதலே அமத்திப்போட்டன் அக்கா. ஆரோ ஜெயாக்கான்ர கார்டைக் களவெடுத்திட்டினம் எண்டு நினைச்சிட்டன்.” கிறிஸ்ரினா குரலை இன்னும் தாழ்த்தினாள். கார்ட் இனி எந்தக் கதவையும் திறக்காது, பயிற்சிக்குத் திரும்பிப் போகவும் முடியாது. நாளைக் காலையில் கார்ட் அறையில் சீமோன் என்ற பெண் பொறுப்பாளரிடம் போகவேண்டும். உரியவர் நேரில் வரவேண்டும். அந்தப் பெயரில் படத்தோடு வேறொரு அடையாள அட்டையும் கொண்டுவரவேண்டும்.

இரண்டு பேரும் அதை ஒரே நேரத்தில் யோசித்தார்கள். அட்டை உள்ளவளுக்கு முகம் பொருந்தாது. முகம் உள்ளவளுக்கு அட்டை இல்லை.

கிறிஸ்ரினா தன்னுடைய கார்டை எடுத்துப் பெட்டிக்குக் காட்டினாள். கீக். “இது என்ர கணக்கில. ஆறமுன்னம் குடியுங்கோ.”

பிறகு தன் கார்டினாலேயே கதவைத் திறந்து அவளை வெளிவாசல்வரை கூட்டிவந்தாள். வரும்போது ஜெயாக்காவைப் பற்றியே கதைத்தாள். பொறுப்பாளர்கள் நடக்கிற மாதிரி நடந்து காட்டுவாவாம். வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளை முதல்நாள் தன் மேசையில்தான் சாப்பிட இருத்துவாவாம்.

“அவ சிரிச்சா இந்தக் கன்ரீன் முழுக்கத் திரும்பிப் பாக்கும். வீட்டிலயும் அப்பிடியோ?”

ஜெயமலர் தேநீரைக் குடித்தாள். வீட்டில் மச்சாள் சிரித்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். ஒரே வீட்டில் இத்தனை வருடம் இருந்தும் அந்தச் சிரிப்பின் சத்தம் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. என் பெயரை வாங்கிக்கொண்டு போனவள் அதை வைத்து என்னவெல்லாம் செய்திருக்கிறாள் என்று நினைத்தாள். பொறாமை என்று சொல்ல முடியாது. இரவல் கொடுத்த சேலையை ஒருத்தி தன்னைவிட வடிவாகக் கட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டதுபோல இருந்தது.

*

பின்னேரம் இரத்தினவேல் எல்லோருக்கும் சாப்பிட ரோல்ஸ் வாங்கிக்கொண்டு வந்தான். மனோரஞ்சிதம் புதுப் பத்திரத்தைச் சுவாமிப் படங்கள் இருந்த தட்டில் வைத்துவிட்டு வந்து மேசையில் உட்கார்ந்தாள். ஜெயமலர் அவள் முன்னால் வெள்ளைக் கார்டை வைத்தாள். நடந்ததைச் சொன்னாள். ஒன்றையும் குறைக்கவில்லை. ஏன் கன்ரீனுக்குப் போனேன் என்று தனக்கே சரியாகத் தெரியவில்லை என்றாள்.

ஒருவரும் கத்தவில்லை. அந்த வீட்டில் கோபம் வந்தால் தேநீர்க் கோப்பைகளைக் கழுவத் தொடங்குவார்கள். மனோரஞ்சிதம் எழும்பிப் போய்க் கழுவினாள்.

கொஞ்ச நேரத்தில் இரத்தினவேலுக்கு ஒரு வழி கிடைத்தது. அவனுக்கு எப்போதும் வழி கிடைக்கும். நாளைக்கு மலர் தன் ஹெல்த் கார்டோடு போகட்டும். பழைய படம் பிழை, யாரோ மாறிப் பதிந்துவிட்டார்கள் என்று சொல்லட்டும். புதிதாய் அவளைப் படம் எடுப்பார்கள். பெயரும் அவளுடையது, முகமும் அவளுடையது. அதற்குப் பிறகு ஒரு மெசினும் ஒன்றும் சொல்லாது. பயிற்சியிலும் பாதியை முடித்தவள் அவள்தானே.

சரியான கணக்குத்தான். அதில் மனோரஞ்சிதம் எங்கே என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. அவள் திரும்பவில்லை.

“எனக்கு அந்த வேலை வேணும், மச்சாள்” என்றாள் ஜெயமலர். “இல்லை எண்டு நான் பொய் சொல்லமாட்டன். இண்டைக்கு அங்க நிண்டு பாத்தனான். எனக்கு வேணும்.”

இத்தனை வருடத்தில் அவள் இந்த வீட்டில் தனக்கென்று ஒன்று கேட்டது இதுதான் முதல் தடவை. மனோரஞ்சிதம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கார்டை எடுத்துத் தன் படத்தைப் பார்த்தாள்.

“கிறிஸ்ரினா வேற என்ன சொன்னவ?”

“நீங்கள் சிரிச்சா கன்ரீன் முழுக்கத் திரும்பிப் பாக்குமாம்.”

மனோரஞ்சிதத்தின் கை வழக்கம்போல வாய்க்குப் போனது. பாதியில் நின்றது. மேசையில் இறங்கியது.

“அவன் மொழிபெயர்ப்பாளன் பிழையாச் சொன்னவன்” என்றாள். “எனக்கு விளங்கினது. திருத்தேல்ல. அந்த ஒபிசர் என்னைப் பாவம் எண்டு சொன்னவ. அதுவும் விளங்கினது. பேசாமல் இருந்தன். என்ர பேரில நான் ஊமையா இருந்தன், மலர்.”

பிறகு மிகவும் அமைதியாக, நாளைக்குத் தானே போகப்போவதாகச் சொன்னாள். சீமோனிடம் உள்ளதை உள்ளபடி சொல்லப்போகிறாள். அந்த வேலையை இவ்வளவு காலமும் செய்தது இந்தக் கை, பெயர் மட்டும் வேறு என்று, ஆங்கிலத்தில், தன் வாயாலேயே.

“உமக்கென்ன விசரே?” இரத்தினவேல் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினான். “இண்டைக்குத்தான் பேப்பர் கையில வந்தது. வீட்டில இருக்கிறன் எண்டு சொல்லித்தானே அதை எடுத்தனீர்? உவங்கள் இமிகிரேசனுக்கு ஒரு போன் அடிச்சாப் போதும். மலரையும் சேத்து இழுப்பாங்கள்.”

அவன் சொன்னது பிழையில்லை. மூன்று பேருக்கும் அது தெரியும். சுவாமித் தட்டில் இருந்த பத்திரத்தை மூன்று பேரும் ஒருமுறை பார்த்தார்கள்.

“அப்ப நான்?” என்று கேட்டாள் ஜெயமலர். வேலையைக் கேட்டாளா, தனக்கு வரப்போகும் ஆபத்தைக் கேட்டாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

“நீயும் வா புள்ள. வந்து உன்ர பேரைக் கேள். என்ர முகத்துக்கு நான் பதில் சொல்லுறன். வேலை ஆருக்கு எண்டதை அவள் சீமோன் சொல்லட்டும். நீ வரமாட்டன் எண்டால் நான் போகேல்ல. பேர் உன்ர.”

இரத்தினவேல் யன்னலருகே போய் நின்றான். கீழே லோரன்ஸ் வீதியில் பஸ் ஒன்று நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அவன் வேறு வழி யோசிக்கிறான் என்பது முதுகிலேயே தெரிந்தது. இந்தத் தடவை ஒன்றும் கிடைக்கவில்லை போலும்.

ஜெயமலர் எழும்பிச் சோற்றுச் சட்டியைத் திறந்தாள். ஆறியிருந்தது. மற்ற நாட்களில் மறுநாள் மதியத்துக்கு ஒரு பெட்டிக்குத்தான் அவள் சோறு போடுவாள்.

“பெட்டியளை எடுங்கோ, மச்சாள்” என்றாள்.

மனோரஞ்சிதம் அலுமாரியைத் திறந்தாள். வேலைக்குக் கொண்டுபோகும் பெட்டியின் மூடியில் கறுப்பு மையால் ஜெயா என்று எழுதியிருந்தது. அதைப் பெருவிரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தாள். மை போகவில்லை. அந்தப் பெட்டியை ஜெயமலருக்கு முன்னால் வைத்தாள். தனக்கென்று உள்ளே கையை விட்டு, பின்வரிசையிலிருந்து, ஒன்றும் எழுதாத பெட்டி ஒன்றைத் தேடி எடுத்தாள்.